வெங்காயம் யார் உரிப்பது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு வந்து சேர மணி 7 ஆகிவிடுகிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. புதன்கிழமை ஒரு நாளாவது கோழிக் குழம்பும் சோறும் வேண்டும் என்று இருவரும் கேட்கிறார்கள். கணவர் வரும் வழியில் கறி வாங்கி வந்துவிடுவார். அதைக் கழுவி, வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டு இறக்குவதற்குள் 9 மணி தாண்டிவிடுகிறது. போன வாரம் மகள் சாப்பிடாமலே தூங்கிவிட்டாள். கறியும் நார் நாராகப் போய்விடுகிறது. மாமனார் காலமான பிறகு, கோபி பக்கத்துக் கிராமத்தில் இருந்த மாமியார் எங்களோடு வந்து இருக்கிறார். வெங்காயம் உரித்து வைக்கட்டுமா என்று கேட்பார். பாவம், 68 வயது ஆகிறது, நீங்கள் உட்காருங்கள் அத்தை என்று சொல்லிவிடுவேன். அரை மணி நேரத்தில் கோழிக் குழம்பு வைக்க எளிய வழி இருந்தால் சொல்லுங்கள்.

— வாசகி, திருப்பூர்

பதில்: குழம்புக்கு வழி சொல்கிறேன் சகோதரி. அதற்கு முன்னால் உங்கள் மாமியாரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கறி வாங்குவது, கழுவுவது, விசில் எண்ணுவது என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், அவரை மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான்.

"உட்காருங்கள் அத்தை" என்று சொல்கிறீர்கள். எங்கே உட்கார வேண்டும்? நீங்களும் கணவரும் வேலைக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். காலை 9 மணியிலிருந்து பிள்ளைகள் திரும்பி வரும் வரை அந்த அம்மா உட்கார்ந்துதானே இருக்கிறார்? கணவர், மாடு கன்று, வாசல், அடுப்பு என்று வாழ்ந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில் தனக்கென்று ஒரு வேலை கேட்கிறார். அதுவும் பெரிய வேலை இல்லை, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம். அதைக்கூட மறுத்துவிட்டு, பாவம் என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை அது கரிசனம். அவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? "இந்த வீட்டில் உங்களால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை" என்றுதான் கேட்கும்.

இந்தப் பகுதிக்கு மாமியார்களும் எழுதுகிறார்கள். வேலை வாங்கிக் கொல்கிறார்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. அது வேறு கொடுமை, அதற்கு வேறு பதில் உண்டு. ஆனால் "என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை, விருந்தாளி மாதிரி தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கோபமாக எழுதுவதில்லை. மருமகள் நல்ல பெண் என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்கள். உங்கள் மாமியாரும் உங்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுப்பதற்கு வயது மட்டும்தான் காரணமா? வெங்காயம் உரிக்க விட்டால் தாளிக்க வருவார், தாளிக்க வந்தால் எண்ணெயைக் கூட ஊற்றுவார், அப்புறம் இந்தக் குழம்பு அவருடையதாகிவிடும் என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இல்லையா? இருந்தால் அதை ஒப்புக்கொள்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க அலுவலகத்தில் அடுத்தவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு, சமையலறையாவது தன் சொல்படி நடக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த அதிகாரத்துக்கு உங்கள் மகள் விலை கொடுக்கிறாள், பசியோடு தூங்கிப் போகிறாள். நாற்பது ஐம்பது வருடம் கோழி அடித்துக் குழம்பு வைத்த கை வீட்டுக்குள் இருக்கும்போது, கோழிக் குழம்புக்கு வழி கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெரியவர்களைக் காப்பாற்றுவது கடமை என்கிறோம். சோறும் மருந்தும் கொடுப்பதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. அவர்கள் கையால் ஆகும் வேலையை அவர்களிடமே விட்டுவைப்பதும் அதில் சேர்த்திதான். உடம்புக்கு முடியாமல் இருந்தால் வற்புறுத்தக் கூடாது. அவரே கேட்கிறார் என்றால் கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

கறியை மாலையில் வாங்குவதுதான் முதல் தவறு. கோழிக் கடைகள் காலையிலேயே திறந்துவிடுகின்றன. உங்கள் கணவர் காலையில் போய் எலும்போடு ஒரு கிலோ, நடுத்தரத் துண்டாக வெட்டி வாங்கி வரட்டும். வாங்கி வருபவரே கழுவி, மஞ்சள் தூளும் உப்பும் பிசறி, மூடிபோட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். சாயங்காலம் வரை வெளியே வைக்கக் கூடாது. திருப்பூர் வெயிலில் பச்சைக் கறி கெட்டுப்போக அதிக நேரம் ஆகாது.

வெங்காயம் மாமியார் பொறுப்பு. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காம்பை நகத்தால் கிள்ளி ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் கிலோ உரிக்கச் சொல்லுங்கள். அதில் பாதியை அவரே வதக்கட்டும். கூடவே எட்டுக் காய்ந்த மிளகாய், மூன்று மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு, கடைசியில் அரை மூடித் தேங்காய்த் துருவல். மல்லி வாசம் எழும்பி, தேங்காய் லேசாகச் சிவந்ததும் இறக்கி ஆறவைத்து மையாக அரைக்க வேண்டும். கொங்குப் பக்கத்துக் குழம்புக்கு இந்த வறுத்தரைத்த மசாலாதான் உயிர். கடைப் பொடியால் இந்த ருசி வராது. மேலே நான் சொன்னது பொதுவான அளவு. உங்கள் மாமியார் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மிக்ஸியைத் தொட அவர் தயங்கினால், பள்ளி விட்டு வந்த பேத்தி பக்கத்தில் இருந்து அரைத்துக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முடியும்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் அரிசி களைய வேண்டும். புழுங்கல் பொன்னி ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், 6.30 மணிக்கு ஊறப்போட்டால் நீங்கள் உள்ளே நுழையும்போது அடுப்பில் ஏற்றத் தயாராக இருக்கும். ஆண்பிள்ளை என்று விட்டுவைக்காதீர்கள். குழம்பு வேண்டும் என்று கேட்பவனுக்கு அதில் ஒரு வேலையும் இருக்க வேண்டும்.

இனி, கறி ஏன் நாராகிறது என்பதைச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் கறிக்கோழி, பல்லடம் வட்டாரப் பண்ணைகளில் ஏறத்தாழ ஆறு வாரம் வளர்ந்து இரண்டு கிலோ எடைக்கு வந்தது. ஓடியாடித் திரியாத இளங்கறி. மாதக்கணக்கில் மேய்ந்து வளர்ந்த நாட்டுக்கோழிக்குத்தான் குக்கரும் விசிலும் தேவை. இளங்கறிக்கு ஐந்து விசில் வைத்தால் சதை எலும்பை விட்டுக் கழன்று, சக்கையாகத்தான் போகும். குக்கரில் சோறு வையுங்கள். குழம்பைக் கனமான, வாயகன்ற பாத்திரத்தில் வையுங்கள்.

மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை, மீதி வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் ஒன்றரை மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது போட்டு, பச்சை வாடை போனதும் கறியைக் கொட்டி, தீயை நன்றாகத் தூண்டிவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தில்தான் குழம்பின் ருசி முடிவாகிறது, பக்கத்திலேயே நில்லுங்கள். கறி முதலில் வெளுக்கும், பிறகு தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் சுண்டி, துண்டுகளின் ஓரம் எண்ணெயில் லேசாகப் பொரியும் சத்தம் கேட்க வேண்டும். அப்போது அரைத்த மசாலாவையும் இரண்டு டம்ளர் வெந்நீரையும் ஊற்றி, உப்புப் பார்த்து, மூடிபோட்டு மிதமான தீயில் இருபது நிமிடம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி கொதி வர நேரம் பிடிக்கும். பருமனான காலைக் கத்தியால் எலும்பு வரை கீறிப் பாருங்கள், உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்கினால் இறக்கிவிடலாம். 7.15 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் 8 மணிக்குள் இலை போட்டுவிடலாம்.

மாமியாரிடம் செவ்வாய்க்கிழமை இரவே பேசிவிடுங்கள். புதன் காலை ஓட்டத்தில் சொன்னால் கட்டளை போல இருக்கும். "அத்தை, உங்கள் ஊர்ப் பக்குவத்தில் நாளைக்குக் கோழிக் குழம்பு வைக்கலாமா? மசாலா நீங்கள் அரைத்துவைத்தால் நான் வந்து கூட்டிவிடுவேன்" என்று கேளுங்கள். காரமோ எண்ணெயோ கொஞ்சம் கூடிப்போனால் பிள்ளைகள் முன்னால் அதைப் பற்றிப் பேசாதீர்கள். அடுத்த வாரம் மிளகாயை நீங்கள் எண்ணிக் கொடுங்கள், போதும்.