பழைய கடிதங்களும் வட்ஸ்அப்பில் எழுதிய ஒரு வரியும்

கேள்வி: அப்பாவிடம் 11 பழைய கைக்கடிதங்களும், திருகோணமலைத் துறைமுகத்தைக் காட்டும் இரண்டு அச்சுப் படங்களும் இருந்தன. வீடு திருத்தியபோது பெரியப்பாவின் மகனிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்தார். அப்பா காலமான பிறகு அண்ணா தர மறுக்கிறார். லண்டனில் ஒருவருக்கு விற்று அனுப்பப்போகிறாராம். "அரைவாசிக் காசு எனக்கு வந்தால் அனுப்புங்கோ" என்று வட்ஸ்அப்பில் எழுதினேன். பதிலில்லை. செத்த வீட்டிலேயே என்னை அவமானப்படுத்தியவர் அவர். பொலிசில் முறைப்பாடு செய்யலாமா? (உப்புவெளி வாசகர்)

பதில்: செத்த வீட்டில் நடந்ததை விடுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: "அனுப்புங்கோ".

இலங்கையின் 1940 இன் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முற்பட்ட எழுத்தும், எழுத்து இருக்கும் தாளும் தொல்பொருள். உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு அனுப்புவது குற்றம், பறிமுதலும் உண்டு. அந்த அனுப்பலுக்கு நீங்கள் எழுத்தில் சம்மதித்து, பங்கும் கேட்டிருக்கிறீர்கள். முறைப்பாட்டுக்கு அண்ணா காட்டப்போகும் முதல் ஆவணம் உங்கள் செய்திதான். நம்பிக்கை மோசடி என்று போனவர் உடந்தையாளராகத் திரும்பி வருவது இப்படித்தான். தொல்பொருள் வழக்குகளில் பிணை சாதாரண வழக்குகளில் போலக் கிடைப்பதுமில்லை. செய்தியை அழிக்கவும் வேண்டாம். அவருடைய தொலைபேசியில் அது இருக்கும், அழித்ததே உங்களுக்கு எதிராக நிற்கும். "காசு தராவிட்டால் பொலிசுக்குப் போவேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைக் கப்பம் (மிரட்டிக் காசு பறித்தல்) என்பார்கள்.

வழக்கு நடந்தால் கடிதங்கள் சான்றுப் பொருளாக நீதிமன்றக் களஞ்சியத்துக்குப் போகும். திருகோணமலை ஈரக்காற்றில் இரும்பு கலந்த பழைய மை தாளை அரிக்கும். தீர்ப்பு வரும்போது மடிப்புகளில் தாள் கிழிந்திருக்கும்.

முதலில் திகதியை அறியுங்கள். கடிதத்தில் எழுதிய திகதியே வலுவானது. திகதி இல்லையென்றால் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியை (தாளுக்குள் மங்கலாகத் தெரியும் அடையாளம்) பாருங்கள். 1794 க்குப் பின் ஆங்கிலத் தாள்கள் பலவற்றில் ஆண்டு தெரியும். ஆனால் 1806 என்றிருந்தால், கடிதம் அதற்கு முன் எழுதப்படவில்லை என்பதே நிச்சயம். 1820 இலும் அதே தாளில் எழுதியிருக்கலாம். படங்களில், தகடு அழுத்திய சதுரத் தடம் ஓரத்தில் இருந்தால் உலோகத் தகட்டு அச்சு. உருக்குத் தகட்டு வேலை என்றால் பெரும்பாலும் 1820 களுக்குப் பிந்தியது. உருப்பெருக்கியில் புள்ளிக் கட்டமைப்புத் தெரிந்தால் 19 ஆம் நூற்றாண்டின் கடைசிக்காலம் அல்லது அதற்கும் பின். 1815 க்குப் பிந்தியது என்று தெரிந்தாலும் உடனே தபாலில் போடாதீர்கள். ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1988 இன் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்ட அரைவாசி உங்களுடையதும் அல்ல. உயில் இல்லாவிட்டால் பாதி அம்மாவுக்கு, மீதி பிள்ளைகள் எல்லாருக்கும் (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பமென்றால் கணக்கு வேறு). அம்மாவும் சகோதரங்களும் கையெழுத்திடாத எந்த உடன்பாடும் நிற்காது.

ஆகவே சமாதானமாகப் போங்கள், இன்றே. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தந்த சம்மதத்தை மீளப்பெறுகிறேன், உரிமம் இல்லாமல் எதுவும் போகக்கூடாது என்று அதே வட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் அண்ணாவுக்கு எழுதுங்கள். காசைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பிறகு பெரியவர் ஒருவர் முன் உட்கார்ந்து, 13 பொருளுக்கும் இரண்டு பிரதிப் பட்டியல்: அளவு மில்லிமீற்றரில், திகதி, நீர்க்குறி, முன்பக்கம், பின்பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே என ஒவ்வொன்றுக்கும் மூன்று புகைப்படங்கள். வைத்திருந்த சிரமத்துக்கு அண்ணாவுக்கு ஓர் அச்சுப் படம் கொடுத்தால்கூட நட்டமில்லை. அவர் மசியாவிட்டால் மட்டும் மாவட்ட நீதிமன்றில் இடைக்காலத் தடையுத்தரவு.

அச்சுப் படங்களை அவற்றின் சட்டகத்திலிருந்து கழற்றி ஓரம் வெட்ட அவரை விடாதீர்கள். தகட்டுத் தடம் போனால் காலத்தை மதிப்பிட உதவும் சான்றும் அதோடு போய்விடும்.