ரஸ்புதின் எங்கிருந்து வந்தார்?

அன்புள்ள சார்,

சென்ற மாதக் கட்டுரையில், 'ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்காதவர், அதைக் கேட்டதாகச் சொல்லக் கூடாது' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. எனக்கு 26 வயது. ஆபீஸ் பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம் பாட்டு கேட்கிறேன், எல்லாம் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில்தான். உங்கள் பேச்சைக் கேட்டு பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' போட்டேன். மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். உலகத்தைப் புரட்டிப்போட்ட ஆல்பம் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் புரளவில்லை. இதெல்லாம் உங்கள் தலைமுறையின் பழைய பாசம்தானே? இல்லை என்றால் 60களிலிருந்து இன்று வரை, பத்தாண்டுக்கு இரண்டு ஆல்பம் வீதம் ஒரு பட்டியல் கொடுங்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

கி., ஈரோடு

அன்புள்ள கி.,

கோபம் நியாயம்தான். அந்த வரியைத் திமிராக எழுதிவிட்டேன். அப்படி எழுத எனக்கே தகுதி கிடையாது. பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை ஏழெட்டு வருஷம் தப்பாகக் கேட்டவன் நான்.

80களின் கடைசி. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதி, காலி கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். உங்கள் பிளேலிஸ்ட்டின் தாத்தா அந்தத் துண்டுச் சீட்டுதான். எனவே பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பது உங்கள் தலைமுறை கண்டுபிடித்தது இல்லை. நான் 60 நிமிட கேசட்டில் 'டார்க் சைட்' பதிந்து தரச் சொன்னேன். ஆல்பம் மொத்தமே 43 நிமிடம். மிச்சமிருக்கும் டேப்பைச் சும்மா விடுவது அந்தக் கடைக்காரரின் தர்மத்துக்கு ஒத்துவராது. முதல் பக்கத்தின் மீதியில் போனி எம் குழுவின் 'ரஸ்புதின்' பாட்டை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். உறையில் பேனாவால் 'பிங்க் ஃபிளாய்டு' என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த ஆல்பத்தின் முதல் பக்கக் கடைசிப் பாட்டு 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. சாவைப் பற்றியது. ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாமல் கதறி, ஏங்கி, அடங்கிப் போகும். அது அடங்கிய மறு விநாடி எனக்கு டிஸ்கோ தாளம் தடதடவென்று வந்தது. இரண்டும் ஒரே ஆல்பம் என்றே நம்பினேன். அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: நம் ஊர் கல்யாணச் சாவு மாதிரி ஏதோ சொல்ல வருகிறார்கள் போல என்று. நண்பர்களிடம் பெருமையாக விளக்கியும் இருக்கிறேன்.

பிறகு சி.டி. வாங்கிக் கேட்டபோதுதான் தெரிந்தது. கதறல் அடங்கியதும் அங்கே வந்தது சில்லறைக் காசு கொட்டும் சத்தம். 'மனி' பாட்டின் ஆரம்பம்.

அந்தச் சத்தத்தை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? காசு விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று ஏழு ஓசைகளைத் தனித்தனியே பதிந்து, டேப்பைச் சம நீளத் துண்டுகளாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழல விட்டார்கள். தாளமும் ஏழு எண்ணிக்கை. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு சாதாரணம். நாலு நாலாகவே எண்ணிக்கொண்டிருந்த ராக் ரசிகர்களுக்கு அது ஒரு கால் சற்றே சாய்த்து நடக்கிற மாதிரி இருந்திருக்கும். கிட்டார் தனியாக வரும் இடத்தில் மட்டும் நாலுக்கு மாறி, எல்லோரையும் கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி ஏழுக்குத் திரும்புவார்கள்.

கதறிய குரல் கிளேர் டோரி என்ற பாடகியுடையது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். பாட வரிகள் இல்லை, மெட்டும் இல்லை. அவரே தோன்றியதைப் பாடிவிட்டு, 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனார். ஞாயிறு என்பதால் அதுவே இரட்டைச் சம்பளம். ஆல்பமோ அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்தது. 2004இல் அவர் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு சமரசமாகி, பாட்டை எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. 32 வருஷம் கழித்து. எனக்கு அந்த ஆல்பம் உயிர். ஆனாலும் இந்த விஷயத்தில் குழுவின் மேல் வருத்தம்தான்.

சரி, இசைத்தட்டில் கேட்டவருக்கு அந்த இடத்தில் என்ன கிடைத்தது? சி.டி.யில் வருகிற மாதிரி கதறலுக்குப் பின்னால் உடனே காசு கொட்டாது. குரல் அடங்கும், முள் தட்டின் நடுவில் போய்ச் சர்சர் என்று உரசிக்கொண்டிருக்கும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். சாவுக்கும் காசுக்கும் நடுவே கேட்பவர் நாலு எட்டு நடந்தாக வேண்டும்.

நான் 'வரிசை' என்று சொன்னது இதைத்தான். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. என்ற நெடுநேர இசைத்தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கொள்ளும் என்பது தொழில்நுட்பத்தின் கையாலாகாத்தனம். அதற்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டில் மூன்று, நான்கு நிமிடம்தான். பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் மாதிரி ஒரே அட்டைக்குள் கட்டி விற்றார்கள், ஆல்பம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். கெட்டிக்காரர்கள் அந்த 20 நிமிடத்தை வெண்பாவின் தளை மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தை எதில் தொடங்குவது, எதில் முடிப்பது, எங்கே மூச்சு விடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

'சார்ஜென்ட் பெப்பர்' உங்களுக்குப் பிடிக்காததில் தப்பே இல்லை. எனக்கும் அதற்கு முந்தைய வருஷம் வந்த 'ரிவால்வர்'தான் ஒரு படி மேல். ஆனால் 1967இல் நாலே தடங்கள் கொண்ட டேப் மெஷினை வைத்துக்கொண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வழக்கமான இடைவெளியைக்கூட விடாமல், 40 நிமிடத்தை ஒரே கச்சேரியாக அவர்கள் தைத்தார்கள். பாட்டு வரிகளைப் பின்னட்டையில் அச்சடித்தார்கள். முன்னட்டைக் கூட்டத்தில் காந்தி படமும் இருந்தது. இந்தியாவில் கோபித்துக்கொள்வார்கள் என்று தட்டை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத் தலைவர் பயந்ததால் எடுத்துவிட்டார்கள். பரமஹம்ச யோகானந்தரோ பத்திரமாக இருக்கிறார்.

நீங்கள் மூன்றாவது பாட்டில் நின்றதால் கடைசிப் பாட்டைக் கேட்டிருக்க மாட்டீர்கள். 'எ டே இன் தி லைஃப்' முடிவில் பல பியானோக்களை ஒரே நேரத்தில் ஓங்கி அடித்து, அந்த நாதம் தேயத் தேய ஒலிப்பதிவாளர் மைக்கின் அளவை ஏற்றிக்கொண்டே போவார். 40 விநாடிக்கு மேல் நீளும். கடைசியில் ஸ்டுடியோவில் யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும். இதை ஷஃபிளில் கேட்டால், அந்த நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பாட்டு ஓடிவந்து மோதும்.

தட்டின் கொள்ளளவு மைக்கேல் ஜாக்சனையும் விடவில்லை. 1982 நவம்பரில் 'திரில்லர்' வெளிவரும் முன், முடிந்தது என்று நினைத்துத் தட்டில் கேட்டபோது சத்தம் சோகையாக இருந்தது. ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறித் திணித்தால் முள் ஓடும் பள்ளங்கள் மெலிந்து ஒலியும் மெலியும். தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸ் 'பில்லி ஜீன்' முன்னிசையைக் குறைக்கச் சொன்னார். 'த லேடி இன் மை லைஃப்' ஒரு சரணத்தை இழந்தது. பாட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி கலவை செய்தார்கள். கொழுப்பே இல்லாத ஆல்பம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதில் தட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

சி.டி. வந்ததும் இடம் தாராளமானது. தாராளம் எல்லோருக்கும் நல்லது செய்யவில்லை. 90களின் பல ஆல்பங்கள் 70 நிமிடத்துக்கு இழுப்பதைக் கேட்டால் கத்திரிக்கோல் தேடத் தோன்றும். நிர்வாணா என்ற ராக் குழுவினர் மட்டும் அந்த இடத்தில் ஒரு குறும்பு செய்தார்கள். 1991இல் வந்த 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பின் சுமார் பத்து நிமிட மௌனம், அப்புறம் திடீரென்று ஒரு கூச்சல் பாட்டு. முதலில் அச்சான பிரதிகளில் அதைச் சேர்க்கவே மறந்துவிட்டார்கள் என்பது தனிக் கூத்து.

உங்கள் காலத்து ஆளும் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். 2021இல் பாடகி அடெல் '30' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, ஆல்பத்தைத் திறந்ததும் ஷஃபிள் பொத்தான் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று கேட்டார். பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை மாற்றிக்கொண்டது.

பட்டியல் தர மாட்டேன். தந்தால் பத்துக்குப் பத்து மார்க் வாங்க ஓடுவீர்கள். ஒரே ஒரு வேலை: ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் வேண்டாம், வீட்டில் 'டார்க் சைட்' போடுங்கள். 'கிரேட் கிக்' முடிந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து டீ போட்டு எடுத்து வாருங்கள். அதற்கப்புறம் 'மனி'.

என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் போய்விட்டது. சி.டி. வாங்கி 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது எல்.பி.யும் வாங்கிவிட்டேன். இன்றைக்கும் அந்தக் குரல் அடங்கும் இடத்தில் என் காதுக்குள் ரஸ்புதின் தடதடவென்று இறங்கி வருகிறார். கடைக்காரர் புண்ணியம்.