வெள்ளையா, கறுப்பா? இணைய செஸ்ஸில் நிறத்தை நாமே தேர்ந்தெடுக்க விடலாமா?

கேள்வி இதுதான்: இணையத்தில் செஸ் ஆடும்போது வெள்ளை வேண்டுமா கறுப்பு வேண்டுமா என்பதை ஆடுகிறவரே முடிவு செய்தால் என்ன? தளம் ஏன் அதில் தலையிட வேண்டும்?

முன்பின் தெரியாதவரோடு ரேட்டிங்குக்காக, அதாவது வெற்றி தோல்வியைப் பொறுத்து ஏறி இறங்கும் திறன் எண்ணுக்காக, ஆடும்போது அந்த உரிமை கூடாது என்பது என் பதில். ரேட்டிங் இல்லாமல் பழகுவதற்காக ஆடினால் தாராளமாக இருக்கட்டும். ஒரு காலத்தில் வெள்ளையை மட்டும் கேட்டு வாங்கி ஆடியவன் நான். அந்தப் பழக்கம் என்ன செய்தது என்று தெரிந்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நான் ஆடிக்கொண்டிருந்த ஒரு தளத்தில், ஆட்டத்துக்கு அழைப்பு வைக்கும்போதே மூன்று பொத்தான்கள் இருக்கும். வெள்ளை, கறுப்பு, எதுவானாலும் சரி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிட ஆட்டம் நாலைந்து ஆடுவது என் வழக்கம். ஒரு நாள் களைப்பில் வெள்ளையை அழுத்தினேன். நன்றாக இருந்தது. மறுநாளும் அதையே அழுத்தினேன். அப்புறம் கை தானாகவே அங்கேதான் போனது. லண்டன் சிஸ்டம் என்று ஒரு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறை, உண்டு. எதிராளி என்ன ஆடினாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி காய்களை அடுக்கிக்கொண்டு போகலாம். நான்கு மாதம் அதை மட்டுமே ஆடினேன். ரேட்டிங் ஏறியது. முன்னேறிவிட்டேன் என்று முழு மனதோடு நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடு திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் போனேன். முதல் சுற்றிலேயே கறுப்பு. எதிரே பத்து வயது இருக்கும் ஒரு சிறுமி. கை குலுக்கினாள், ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள், கடிகாரத்தைத் தட்டினாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்குக் கறுப்பு ஆடும் பதில்களில் ஒன்றான சிசிலியன் ஆடலாம் என்று ஆரம்பித்தேன். ஐந்தாவது நகர்த்தலுக்கு மேல் எனக்கு எதுவுமே நினைவில் இல்லை. அவளோ யோசிக்கவே தேவையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். அன்று ஏழு சுற்றில் எனக்கு நான்கு கறுப்பு. அந்த நான்கிலும் சேர்த்து நான் எடுத்தது அரைப் புள்ளி.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். என் ரேட்டிங் என்று எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ, அது பாதி செஸ்ஸுக்கான ரேட்டிங்தான்.

முதலில் நகர்த்துவது வெள்ளை. அதில் அப்படி என்ன பெரிய சாதகம் என்று கேட்கலாம். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை லட்சக்கணக்கில் திரட்டி வைத்திருக்கும் தொகுப்புகளில், டிராவை அரைப் புள்ளியாக எடுத்துக்கொண்டால், நூற்றுக்குச் சுமார் 54 அல்லது 55 புள்ளி வெள்ளைக்குப் போகிறது. ரேட்டிங் போடப் பயன்படும் ஈலோ கணக்கில் 55 சதவீதம் என்பது ஏறத்தாழ 35 ரேட்டிங் புள்ளி வித்தியாசத்துக்குச் சமம். அதாவது 1500 ரேட்டிங் உள்ளவர் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 1535 உள்ளவர் மாதிரி. நம்மைப் போன்றவர்களின் மட்டத்தில் இது இன்னும் குறைவு. பதினைந்தாவது நகர்த்தலில் யாராவது குதிரையை இனாமாகக் கொடுத்துவிடும் ஆட்டத்தில், முதலில் நகர்த்தியது யார் என்பது பெரிதாக எடுபடாது.

ஆனால் வெள்ளையைக் கேட்பவர்கள் இந்த 35 புள்ளிக்காகக் கேட்பதில்லை என்பது என் அனுபவம். வெள்ளையில் பாதை நம் கையில். ஒரே ஒரு ஓப்பனிங் தெரிந்தால் வருடக்கணக்கில் ஓட்டலாம். கறுப்பில் அது நடக்காது. எதிராளி ராஜா பக்கத்துச் சிப்பாயை நகர்த்தினால் ஒரு பதில், ராணி பக்கத்துச் சிப்பாயை நகர்த்தினால் வேறு பதில், இங்கிலீஷ் ஓப்பனிங் ஆடினால் இன்னொன்று என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். நான் நான்கு மாதம் ஒதுக்கித் தள்ளியது இந்தப் பாடத்தைத்தான். ரேட்டிங் கணக்குக்கு இது எட்டாது. ஈலோவின் மூல சூத்திரத்தில் நிறத்துக்கு இடமே கிடையாது. கறுப்பில் ஜெயித்தாலும் வெள்ளையில் ஜெயித்தாலும் ஒரே புள்ளிதான். முந்நூறு ஆட்டமும் வெள்ளையில் ஆடியவரின் 1600ம், பாதிக்குப் பாதி ஆடியவரின் 1600ம் பட்டியலில் ஒன்றாகத்தான் தெரியும்.

இது வரை சொன்னது தேர்ந்தெடுப்பவருக்கு வரும் கேடு. அது அவர் பாடு என்று விட்டுவிடலாம். என்னை அதிகம் உறுத்துவது மற்றவர்களுக்கு வருவது.

ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் 40 பேர் வெள்ளைதான் வேண்டும் என்கிறார்கள். மீதி 60 பேர் எதுவானாலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 50 ஆட்டம், 50 வெள்ளை இடம். அதில் 40ஐக் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் 10 வெள்ளை இடத்தில் அந்த 60 பேர் பங்கு போட வேண்டும். எதுவும் கேட்காமல் பெருந்தன்மையாக விட்டவருக்கு ஆறு ஆட்டத்தில் ஒன்றுதான் வெள்ளை. இதைப் பார்த்துவிட்டு அவர்களும் வெள்ளையைக் கேட்க ஆரம்பித்தால்? கேட்பவர்கள் 50ஐத் தாண்டிய நொடியிலிருந்து எதிராளி கிடைக்காமல் வரிசை தேங்கும். நான் அந்தப் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவரின் வெள்ளையை எடுத்துக்கொண்டேன். அவருக்கு அது தெரியாது. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

நேரில் நடக்கும் போட்டிகளில் இதற்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். யாரையும் வெளியேற்றாமல், ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருப்பவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் சுவிஸ் முறைப் போட்டிகளுக்கு, உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே வகுத்த விதிப்படி, ஒருவர் ஆடிய வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் இரண்டைத் தாண்டக்கூடாது. ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வரக்கூடாது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. நாடுகளின் அணிகள் நான்கு பலகைகளில் மோதும் ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு முதல் பலகையில் வெள்ளை என்றால் மூன்றாவதிலும் வெள்ளை, இரண்டிலும் நான்கிலும் கறுப்பு. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்ததும் இப்படித்தான். எந்தக் கேப்டனும் எங்கள் முதல் பலகைக்கு வெள்ளை கொடுங்கள் என்று கேட்க முடியாது.

உலகச் சாம்பியன் போட்டியில் இது இன்னும் நுணுக்கம். 2010இல் சோஃபியாவில் ஆனந்தும் டோபலோவும் ஆடிய 12 ஆட்டங்களில், வரிசை நடுவில் திருப்பப்பட்டது. ஆறாவது ஆட்டத்திலும் ஆனந்துக்கு வெள்ளை, ஏழாவதிலும் அவருக்கே வெள்ளை. ஒவ்வொரு ஜோடி ஆட்டத்திலும் ஒருவரே முதலில் வெள்ளை ஆடும் சிறு சாதகம்கூட இருக்கக் கூடாது என்ற எண்ணம். அந்த மாற்றத்தால் கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு வந்தது. சமநிலையில் இருந்த போட்டியில் அந்தக் கறுப்பை வைத்துத்தான் அவர் பட்டத்தைத் தக்கவைத்தார். 2024இல் சிங்கப்பூரிலும் கடைசி ஆட்டத்தில் இதே கதை. முதல் ஆட்டத்தில் குகேஷுக்கு வெள்ளை. டிங் லிரென் கறுப்பில் பிரெஞ்ச் டிஃபன்ஸ் என்ற ஓப்பனிங்கை ஆடி ஜெயித்தார். 14வது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்பு. அதை ஜெயித்து உலகச் சாம்பியன் ஆனார்.

இதையே எதிர்வாதமாகவும் வைப்பார்கள். கறுப்பிலேயே இப்படி ஜெயிக்கிறார்களே, 2013இல் சென்னையில் கார்ல்சன் ஆனந்தை வென்ற மூன்று ஆட்டங்களில் இரண்டு கறுப்பில்தானே, அப்புறம் நிறத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று. எனக்கு அது ஒப்பவில்லை. இருவருக்கும் சமமாக வெள்ளையும் கறுப்பும் கிடைத்ததால்தான் அந்த வெற்றிகளை முழு வெற்றி என்று நாம் ஏற்கிறோம். குகேஷுக்கு ஏழு வெள்ளை, டிங்குக்கு ஏழு வெள்ளை. இது 14ம் ஒருவருக்கே என்று இருந்திருந்தால் 7.5க்கு 6.5 என்ற அந்த முடிவைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

இந்த இடத்தில் ஒரு சின்ன வரலாறும் சொல்ல வேண்டும். வெள்ளைதான் முதலில் நகர்த்த வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைத்தது. அதற்கு முன் கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டு முதலில் ஆடியவர்களும் உண்டு. அப்போது நிறத்தைத் தேர்ந்தெடுப்பது வெறும் ரசனை. இன்று நிறம் கேட்பவர் உண்மையில் கேட்பது முதல் நகர்த்தலை.

சரி, எந்த நிலையிலும் தேர்வே கூடாதா? அப்படியும் நான் நினைக்கவில்லை. உழைத்துச் சம்பாதித்தால் கொடுக்கலாம். நார்வே செஸ் போட்டியில் பத்துப் பேர் ஆடிய வருடங்களில், ஒன்பது சுற்றை வெள்ளை, கறுப்பு என்று சமமாகப் பிரிக்க முடியாது. ஐந்து பேருக்கு ஒரு வெள்ளை கூடுதலாக வரும். அந்த ஐந்து பேர் யார் என்பதை முதல் நாள் பிளிட்ஸ் என்ற சில நிமிட வேக ஆட்டங்களை ஆட வைத்து முடிவு செய்தார்கள். விலை வைத்தும் கொடுக்கலாம். சமநிலையை முறிக்க ஆடும் ஆர்மகெடான் ஆட்டத்தில் டிரா ஆனால் கறுப்பு வென்றதாகக் கணக்கு. சில போட்டிகளில் அந்தக் கறுப்புக்கு ஏலமே விடுகிறார்கள். யார் தன் கடிகாரத்தில் குறைந்த நேரம் போதும் என்கிறாரோ அவருக்குக் கறுப்பு. கோ விளையாட்டில் முதலில் ஆடுவது கறுப்பு. அதற்கு ஈடாக வெள்ளைக்கு 6.5 அல்லது 7.5 புள்ளியை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். இணையத் தளங்களும் வெள்ளை வேண்டுமானால் ஒரு நிமிடம் குறைவாக எடுத்துக்கொள் என்று தனி வகை ஆட்டம் வைத்தால் நான் வரவேற்பேன். இனாமாகக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் மனம் இன்னும் இரண்டு பக்கமும் போகிறது. ஒருவர் கறுப்பை மட்டும் கேட்டால்? அவர் யாருடைய வெள்ளையையும் பறிக்கவில்லை, தன்னுடையதையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறார். கறுப்புக்கான காரோ-கான் ஓப்பனிங்கைப் பழக வேண்டும் என்று இரண்டு வாரம் கறுப்பே ஆடுகிறவரைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அவருடைய ரேட்டிங்கும் பாதி செஸ்ஸுக்கான ரேட்டிங்தான் ஆகும். அதற்கு ரேட்டிங் இல்லாத ஆட்டமே போதும் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன்.

பழகுவதற்கு வழி இல்லாமல் இல்லை. நண்பருக்கு அழைப்பு அனுப்பினால் நிறத்தை நீங்களே வைக்கலாம். கணினியோடு ஆடினாலும் அப்படித்தான். ஒருவரோடு ஆடி முடித்ததும் மறு ஆட்டம் கேட்டால் நிறம் மாறி வரும். தோற்றவருக்கு நான் மறு ஆட்டம் கொடுக்காமல் போவதில்லை, அதுவும் நான் வெள்ளையில் ஜெயித்திருந்தால் கட்டாயம் கொடுப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நிறத்தேர்வு இல்லாத தளங்களில் சிலர் அதைத் திருட்டுத்தனமாகச் செய்கிறார்கள். ஆட்டம் தொடங்கும், தனக்குக் கறுப்பு என்று தெரிந்ததும் ரத்து செய்துவிட்டு அடுத்த ஆட்டம் தேடுவார்கள். ஒரே இரவில் மூன்று பேர் என்னிடம் இப்படிப் போயிருக்கிறார்கள். அடிக்கடி ரத்து செய்பவரைத் தளங்கள் கொஞ்ச நேரம் தடை செய்கின்றன. அது சரிதான், இன்னும் கடுமையாக இருந்தாலும் தவறில்லை.

என் அக்கா மகன் ஆறாவது படிக்கிறான், வாரக் கடைசியில் என்னோடு ஆட வருவான். போன மாதம் மொபைலைக் காட்டி, "மாமா, இன்னிக்கு மூணு தடவை கறுப்புதான் வந்துச்சு, நீங்க சொன்னா மாத்தித் தருவாங்களா?" என்று கேட்டான். அவன் ஆடிய முந்தைய இருபது ஆட்டங்களை இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். பதினொன்று வெள்ளை, ஒன்பது கறுப்பு. அவன் மறுபடியும் ஒரு முறை எண்ணிப் பார்த்தான். அப்புறம் பலகையை எடுத்து வைத்தேன். எங்கள் வீட்டில் என் அப்பா செய்தது போலவே ஒரு வெள்ளைச் சிப்பாயையும் ஒரு கறுப்புச் சிப்பாயையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து, இரண்டு கையையும் மூடி அவன் முன்னால் நீட்டினேன். இடது கையைத் தொட்டான். கறுப்பு. பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, நான் எந்தச் சிப்பாயை நகர்த்தப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.