3டிஎஸ் விளையாட்டில் நான் போட்ட கோயில் மேளம் ஏன் இடையில் அறுகிறது?

நின்டென்டோ 3டிஎஸ் கருவியில் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றின் இசையை எடுத்துவிட்டு, ஊர்க் கோயில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பதிவு ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அது ஒருமுறை முடிந்ததும் கணநேரம் மௌனமாகி, ஆலாபனையிலிருந்து மறுபடி தொடங்குகிறது என்கிறீர்கள். நானும் முள்ளியவளையில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்கிறேன். எங்கள் மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி) ஒரு விளையாட்டுக்குள் அறாமல் ஒலிப்பதைக் கேட்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் எம்பி3. அந்த முறை ஒலியை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாகவே சேமிக்கும் (சாம்பிள் என்பது ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எழுதும் எண்களில் ஒன்று). பாட்டின் நீளம் அந்தக் கணக்கில் முடியாவிட்டால் கடைசித் துண்டை வெறுமையால் நிரப்பிவிடும், தொடக்கத்திலும் சிறிது வெறுமையைச் சேர்க்கும். தனியே கேட்கும்போது அது தெரியாது, சுழலவிட்டால் உடனே தெரியும். எம்பி3யைப் பின்னர் வேவ் என்ற சுருக்காத ஒலிக்கோப்பாக மாற்றினாலும் அந்த வெறுமை கூடவே வரலாம். எனவே கைத்தொலைபேசியில் பதிவுசெய்யும்போதே வேவ் வடிவத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

மறுபடி ஆலாபனையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் வேறு. 3டிஎஸ் விளையாட்டுகள் பலவற்றின் இசை பிசிஎஸ்டிஎம் என்ற கோப்பில் இருக்கும். அதன் தலைப்பகுதியில் லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் பகுதி, உண்டா இல்லையா என்ற குறியும், லூப் தொடங்கும் சாம்பிள் எண்ணும், முடியும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். குறி இல்லாவிட்டால் இசை ஒருமுறை ஒலித்து நின்றுவிடும். தொடக்க எண் சுழியமாக இருந்தால் ஆலாபனையும் ஒவ்வொரு முறையும் திரும்ப வரும். உங்களுக்கு நேர்ந்திருப்பது இந்த இரண்டாவது. ஆலாபனை ஒருமுறை மட்டும் ஒலிக்க வேண்டுமானால், தவில் சேர்ந்த பிறகுள்ள ஓர் இடத்தைத் தொடக்க எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

எந்த இடம் என்பதைத்தான் பலர் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கணினியில் அமைத்த இசைக்கு அது சரிவரும்: நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஆதி தாளத்தின் எட்டு அடிகளுக்கு 4 நொடி, நொடிக்கு 32,000 சாம்பிள் வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 128,000 சாம்பிள். ஆனால் உயிருள்ள தவில்காரர் கடிகாரத்துக்கு வாசிப்பதில்லை. சூடு பிடித்தால் காலம் சற்றே கூடும், அதுதான் அந்த வாசிப்பின் அழகு. ஆகவே நொடியை விட்டுவிட்டு ஆவர்த்தனத்தை எண்ணுங்கள். கையில் தாளம் போட்டபடி கேட்டு, ஒரு சமத்திலிருந்து (சுற்றின் முதல் அடியிலிருந்து) இன்னொரு சமம் வரை எடுங்கள். வெட்டும் புள்ளியைத் தவில் அடி விழுவதற்கு மயிரிழை முன்னால் வையுங்கள். அடியின் அதிர்வு ஒட்டை மறைத்துவிடும். நாதஸ்வரம் நீளமாக இழுக்கும் சுரத்தின் நடுவில் மட்டும் வெட்டாதீர்கள், எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் காதில் உறுத்தும்.

அதைவிட முக்கியமானது, ஒரே பகுதியை இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, இரண்டாவது சுற்றையே லூப்பாக எடுப்பது. கோயில் மண்டபத்தில் தவில் ஓய்ந்த பிறகும் எதிரொலி சிறிது நேரம் நிற்கும். முதற்சுற்றின் தொடக்கத்தில் அந்த எதிரொலி இருக்காது, ஏனென்றால் அதற்கு முன் தவிலே ஒலிக்கவில்லை. முடிவிலிருந்து அங்கே தாவினால் சுவர் இடிந்தது போல ஒலி வெட்டுப்படும். இரண்டாம் சுற்றின் தொடக்கத்திலோ முதற்சுற்றின் எதிரொலி ஏற்கெனவே கலந்திருக்கும், அதனால் தாவல் இயல்பாகப் பொருந்தும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் போன்ற நாளில் பதிவுசெய்து இதைச் சாதிக்க முடியாது. ஒலிபெருக்கி, கச்சான் கடைக்காரர் குரல், சனத்தின் இரைச்சல் எல்லாம் இரு சுற்றிலும் வேறுவேறாக விழும். ஆளில்லாத பொழுதில், மேளகாரர்களிடம் எதற்காகப் பதிவுசெய்கிறீர்கள் என்பதைச் சொல்லி அனுமதி கேட்டு எடுங்கள்.

சுருதிப்பெட்டி தனிச் சிக்கல். அது இடையறாத ஒலி என்பதால் ஒட்டும் இடத்தில் அலை பொருந்தாமல் 'டிக்' என்று கேட்கும். முடிந்தால் சுருதியைத் தனியாகப் பதிவுசெய்து பிறகு கலக்குங்கள். முடியாவிட்டால் லூப்பின் கடைசி 30 முதல் 50 மில்லிநொடியை மெல்லக் குறைத்து, லூப் தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன்னுள்ள அதே அளவு ஒலியை அதன்மேல் மெல்லக் கூட்டுங்கள். ஒடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இதைச் செய்யலாம், சாம்பிள் எண்ணையும் அதிலேயே பார்க்கலாம்.

சாம்பிள் வீதத்தை மாற்றுவதாக இருந்தால் புள்ளிகளைக் குறிப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். 44,100இல் குறித்த எண் 32,000இல் செல்லாது. அலைவரிசை (சேனல்) எண்ணிக்கையும் சாம்பிள் வீதமும் விளையாட்டின் மூலக் கோப்பில் உள்ளபடியே இருக்கட்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இந்தக் கோப்பில் ஒலி வழக்கமாக 14,336 சாம்பிள் கொண்ட கட்டங்களாக அடுக்கப்படுகிறது, லூப் ஒரு கட்டத்தின் தொடக்கத்தில் ஆரம்பிப்பதே பாதுகாப்பு. உங்கள் தொடக்கப் புள்ளி 128,000 என்றால் அடுத்த கட்டம் 129,024. பாட்டின் தலையில் 1,024 சாம்பிள் வெறுமையைச் சேர்த்து, முடிவு எண்ணையும் அதே அளவு கூட்டினால் போதும். அது 0.032 நொடிதான், யாருக்கும் தெரியாது. லூப்பிங் ஆடியோ கன்வெர்ட்டர் என்ற விண்டோஸ் மென்பொருள் பிசிஎஸ்டிஎம் கோப்பை உருவாக்கித் தரும். எண்களை ஒரு சிறு எழுத்துக் கோப்பில் எழுதிக் கொடுக்கலாம்.

உருவான கோப்பை முதலில் கணினியில், விளையாட்டு இசைக் கோப்புகளை ஒலிக்கவைக்கும் விஜிஎம்ஸ்ட்ரீம் மூலம் ஹெட்போனில் கேளுங்கள். பிறகு, கருவியில் நிறுவியுள்ள லூமா என்ற மாற்று மென்பொருள் படிப்பதற்காக, எஸ்டி அட்டையில் லூமா, டைட்டில்ஸ், விளையாட்டின் அடையாள எண், ரோம்எஃப்எஸ் என்ற வரிசையில் கோப்புறைகளை அமைத்து, மூலக் கோப்பு இருந்த அதே பாதையில் அதே பெயரில் வையுங்கள். லூமா அமைப்பில் விளையாட்டுத் திருத்தத்தை அனுமதிக்கும் தெரிவு இயக்கத்தில் இருக்க வேண்டும். கருவியில் இரண்டு மூன்று சுற்றுகளாவது ஓடவிடுங்கள். பிசிஎஸ்டிஎம்மில் ஒலியைச் சுருக்கும் முறை முந்தைய சாம்பிள்களை வைத்தே அடுத்ததை ஊகிக்கிறது, லூப் புள்ளிக்கான அந்த முன்நிலை கோப்பில் பிழையாக எழுதப்பட்டிருந்தால், முதல் தாவலுக்குப் பிறகுதான் அந்த 'டிக்' வெளிப்படும். அப்படிக் கேட்டால் உங்கள் வெட்டைத் திரும்பத் தொடாமல், வேவ் கோப்பிலிருந்து பிசிஎஸ்டிஎம்மை மறுபடி உருவாக்குங்கள்.