நர்சிங் படிக்கிறேன். மருந்தியல் மண்டையில் ஏறவில்லை, வார்டில் மருந்து கொடுக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான். மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு என்று வரிசையாக மனப்பாடம் செய்த வரைக்கும் எனக்கும் எதுவும் தங்கவில்லை. இதைக் கொடுக்கும் முன் நோயாளியிடம் எதைப் பார்க்கணும், கொடுத்த பின் எதைப் பார்க்கணும் என்று கேட்டுப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் பாடம் பிடிபட்டது, கை நடுக்கமும் குறைந்தது.

அப்படிப் படிக்க வைத்தது ஒரு டிகாக்சின் மாத்திரை. இரண்டாம் ஆண்டில், இதயச் செயலிழப்போடு சேர்ந்திருந்த ஒரு பாட்டிக்குக் காலை மருந்து கொடுக்கப் போனேன்.

“நாடி பார்த்தியாம்மா?” என்றார் வார்டு சிஸ்டர்.

“பார்த்துட்டேன் சிஸ்டர், அறுபத்தி நாலு.”

“எவ்வளவு நேரம் எண்ணின?”

பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கியிருந்தேன். சிஸ்டர் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்டெதஸ்கோப்பை நீட்டினார். பாட்டியின் இடது மார்பில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நாலைந்து துடிப்பு, ஒரு இடைவெளி, இரண்டு துடிப்பு, மறுபடி இடைவெளி. மொத்தம் 52.

டிகாக்சின் இதயம் சுருங்கும் வலிமையைக் கூட்டும், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். பெரியவர்களுக்கு நாடி 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்வது வழக்கம். பாட்டி ஃபுரோசமைடும் எடுத்துக்கொண்டிருந்தார். அது நீரை வெளியேற்றும்போது கூடவே பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம் பொட்டாசியம் பம்பில் டிகாக்சினும் பொட்டாசியமும் போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். “சோத்தைப் பார்த்தாலே குமட்டுது கண்ணு” என்று பாட்டி இரண்டு நாளாகச் சொன்னதும் அதன் அறிகுறிதான். நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை, அது இன்றும் உறுத்துகிறது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9 வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. டிகாக்சினை நிறுத்தி, பொட்டாசியத்தைச் சரிசெய்த பிறகு நாடி தேறியது.

இப்படி ஒரு நோயாளியோடு சேர்த்துப் படித்த மருந்து மறக்காது. பெயரின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்வதும் உதவும். ‘ஓலால்’ என்று முடிந்தால் நாடி, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உண்டா என்று பாருங்கள். ‘பிரில்’ என்று முடிந்தால் வறட்டு இருமலையும் பொட்டாசியம் ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதில் முதலாவதில்தான் நாம் அசந்துபோகிறோம். “நீங்க இன்னார்தானே?” என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். “உங்க பேர் என்ன?” என்று கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள்.

கணக்கில் கூடுதல் கவனம் தேவை. 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகிவிடும், .5 என்பது 5 ஆகிவிடும். 5 என்றும் 0.5 என்றும் மட்டும் எழுதுங்கள். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் மாறினால் பிழை ஆயிரம் மடங்கு. இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று வேறுபாடு உண்டு, சிரிஞ்சும் அதற்குப் பொருந்த வேண்டும். உங்கள் கணக்கு ஒரே வேளைக்கு நாலு ஆம்பூல் என்று சொன்னால் உடைக்காதீர்கள், முதலில் இன்னொருவரைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தவே கூடாது, இதயம் நின்றுவிடும். திரவத்தில் கலந்து, நீர்க்கச் செய்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

தவறாகக் கொடுத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் நோயாளியிடம் போய் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பாருங்கள், உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று காத்திருக்காதீர்கள். மார்ஃபின் கூடிப்போய் மூச்சு மந்தமானால் அதை முறிக்க நலாக்சோன் இருக்கிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கூடினால் புரோட்டமின் இருக்கிறது. ஆனால் நீங்கள் வாய் திறந்தால்தான் அவை நோயாளியிடம் வந்து சேரும்.