சிடிஆர் எங்கே போச்சு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று மலையில் உட்கார்ந்துகொண்டு, கீழே சமவெளியில் ஓடும் மொபைல் டேட்டா கேட்வேயைக் கவனித்துக்கொள்பவர்கள் இப்போது நிறையப் பேர். சந்தாதாரர் பயன்படுத்திய டேட்டாவுக்கு கேட்வே எழுதும் கட்டணப் பதிவுதான் சிடிஆர். கேட்வே அதை ஜிடிபி பிரைம் என்ற நெறிமுறையில் ஸ்டோரேஜ் சர்வருக்கு அனுப்பும், அங்கிருந்து அது பில்லிங்குக்குப் போகும். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அவர்களுடையவைதான். வழக்கமான இரண்டு வேண்டுகோளை முதலில் சொல்லிவிடுகிறேன். கான்ஃபிக்கைத் தொடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கேள்வியோடு பேக்கெட் கேப்சரும் (நெட்வொர்க்கில் ஓடியதைப் பிடித்து வைத்த பதிவு) அனுப்புங்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் யாரும் அனுப்புவதில்லை.

*சார், கேட்வேயிலிருந்து ஸ்டோரேஜ் சர்வருக்குப் பிங் போகிறது. எக்கோவுக்கும் பதில் வருகிறது. ஆனால் சிடிஆர் ஏறவில்லை. சர்வர் கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பதாகவும் கொஞ்ச நேரம் செத்துவிட்டதாகவும் மாறி மாறிக் காட்டுகிறது.* (ஊட்டி வாசகர்)

பிங் போகிறது என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். எந்த முகவரியிலிருந்து பிங் அடித்தீர்கள்? பெரும்பாலும் மேனேஜ்மென்ட் போர்ட்டிலிருந்துதான் அடித்திருப்பீர்கள். சிடிஆர் கிளம்புவது சார்ஜிங் ஏஜென்ட் (கேட்வேயில் சிடிஆர் அனுப்பும் பகுதி) முகவரியிலிருந்து. அதற்கு ரூட்டும் வேறு, ஃபயர்வால் விதியும் வேறு. அந்த முகவரியை சோர்ஸாகக் கொடுத்து அடித்துப் பாருங்கள்.

எக்கோவுக்குப் பதில் வருவதால் ஜிடிபி பிரைமின் போர்ட்டான 3386 திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்கோ என்பது 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்பது மட்டும்தான், சில பைட்டுகளில் முடிந்துவிடும் சமாச்சாரம். சிடிஆர் சுமந்து போகும் டேட்டா ரெக்கார்ட் டிரான்ஸ்ஃபர் அப்படியல்ல. ஒரே பேக்கெட்டில் நாலைந்து சிடிஆரை அடைத்தால் 1500 பைட்டைத் தாண்டிவிடும், யுடிபியில் அது துண்டு துண்டாகப் போகும். துண்டுகளைக் கண்டாலே தூக்கி எறியும் ஃபயர்வால்கள் ஏராளம். ஒரு துண்டு போனாலும் மொத்தமும் போச்சு. சர்வருக்கு ஒன்றும் வந்து சேரவில்லை, அதனால் பதிலும் இல்லை. கேட்வே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு சர்வர் செத்தது என்று முடிவு கட்டும். அடுத்த எக்கோவுக்குப் பதில் வந்ததும் உயிர் வந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் அனுப்பும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

பேக்கெட் 1400 பைட்டுக்குள் அடங்கும்படி சிடிஆர் எண்ணிக்கையைக் குறையுங்கள். அல்லது ஃபயர்வாலில் துண்டுகளை விடச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்கான இடம் ஒரு பைட் என்பதால் 255 வரை போடலாம்தான். போடலாம் என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள்.

*சிடிஆர் அனுப்ப யுடிபியா, டிசிபியா?* (குன்னூர்)

இரண்டு பக்கமும் டிசிபி தெரியும் என்றால் டிசிபி. இல்லையென்றால் மேலே சொன்ன அளவுக் கட்டுப்பாட்டோடு யுடிபி.

*எங்களுக்கு சிடிஆர் வரவில்லை. என்ன செய்வது? உடனே பதில் தேவை.* (பெருமாள்மலை)

எந்த கேட்வே? வராமல் போனது எப்போதிலிருந்து? ஒன்றுகூட வரவில்லையா, கொஞ்சம் வந்து நின்றதா? சர்வரிடமிருந்து பதிலே இல்லையா, அல்லது சிடிஆரைப் பிரித்துப் படிக்க முடியவில்லை என்று மறுப்பு வருகிறதா? பதில் இல்லையென்றால் பாதையைப் பாருங்கள், மறுப்பு வந்தால் டிக்‌ஷனரியைப் பாருங்கள். சிடிஆரில் எந்த ஃபீல்டு எப்படி வரும் என்ற பட்டியல்தான் அது. கேட்வே ஒரு வெளியீட்டின் ஃபீல்டுகளை அனுப்ப, சர்வர் இன்னொரு வெளியீட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். 3386ஐ வயர்ஷார்க்கில் ஐந்து நிமிடம் பிடித்திருந்தால் இது எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். உடனே பதில் வேண்டுமென்றால் உருப்படியாகக் கேளுங்கள்.

*கூடலூர், பந்தலூர் பக்கத்துச் சந்தாதாரர்களுக்கு மட்டும் பகுதி சிடிஆர்கள் (ஒரே செஷனைப் பிரித்து எழுதியவை) குவிகின்றன. ஒரே செஷனுக்கு முப்பது, நாற்பது. ஊட்டி நகரத்தில் இப்படி இல்லை. கேட்வேயில் பழுதா?* (கூடலூர்)

நல்ல கேள்வி. எடுத்துக்காட்டுக்கு சிடிஆரையும் அனுப்பியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பழுது கேட்வேயில் இல்லை, உங்கள் ஊர் இருக்கும் இடம் அப்படி. ஒரு பக்கம் வயநாடு, இன்னொரு பக்கம் குண்டலுப்பேட்டை. நாடுகாணிப் பக்கம் போனால் போன் தமிழ்நாட்டு டவரை விட்டுக் கேரளா டவரைப் பிடிக்கும், வளைவு திரும்பினால் பழையபடி இங்கே வரும். நம் நாட்டில் சர்க்கிளுக்கு சர்க்கிள் நெட்வொர்க் குறியீடு மாறுவதால் அது பிஎல்எம்என் (நெட்வொர்க் அடையாளம்) மாற்றம். சரிவில் இறங்கினால் 4ஜி போய் 2ஜி வரும், அது ஆர்ஏடி (RAT, ரேடியோ தொழில்நுட்பம்) மாற்றம். இந்த இரண்டில் எது நடந்தாலும் நடப்பு சிடிஆர் மூடப்பட்டு அடுத்தது திறக்கும். க்யூஓஎஸ் (சேவைத் தரம்) மாற்றமும், டிரிகர் (இது நடந்தால் பதிவு செய் என்ற அமைப்பு) போட்டிருந்தால் லொகேஷன் மாற்றமும் சிடிஆரை மூடாது. உள்ளே ஒரு கன்டெய்னரை, அதாவது ஒரு உள்பதிவை மட்டும் சேர்க்கும். ஆனால் அதற்கும் ஒரு உச்ச எண்ணிக்கை உண்டு, அதைத் தொட்டாலும் மூடும்.

மூடிய காரணத்தைப் படித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் முக்கால்வாசி 22, அதாவது ஆர்ஏடி மாற்றம். 2ஜிக்கும் 4ஜிக்கும் ஒரே கட்டணம்தான் என்று பில்லிங் குழு எழுத்தில் தந்தால் அந்த டிரிகரை அணைக்கலாம். வாய்வார்த்தை வேண்டாம். பிஎல்எம்என் டிரிகரைத் தொடவே கூடாது, சர்க்கிள்களுக்கு இடையிலான கணக்கு அதை நம்பித்தான் இருக்கிறது. ஒரு பைட்கூடப் போகாத வெற்று சிடிஆர்களை அடக்கும் வசதி உங்கள் கேட்வேயில் இருந்தால் அதையும் பில்லிங்கைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அப்புறம், கான்ஃபிக் பிரதி.

*சிடிஆரை மூடுவதற்கான வால்யூம் லிமிட், டைம் லிமிட் எவ்வளவு வைக்கலாம்?* (கோத்தகிரி)

100 எம்பி, ஒரு மணி நேரம் என்று ஆரம்பியுங்கள். சர்வர் திணறினால் கூட்டுங்கள்.

*சிடிஆரில் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது. கேட்வே கடிகாரம் தவறா?* (குன்னூர்)

ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததுமே உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டாமா? நேரத்துக்கான ஃபீல்டு ஒன்பது பைட். முதல் ஆறில் தேதியும் நேரமும், கடைசி மூன்றில் யுடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதும் இருக்கும். நம் நேரம் என்றால் கூட்டல் குறி, 05, 30. உங்களுடையதில் சுழியங்கள் இருக்கும். கேட்வே யுடிசியில் ஓடுகிறது, அதைச் சரியாகவே சொல்லியும் இருக்கிறது. படிக்கிற பக்கம்தான் கடைசி மூன்று பைட்டைக் கண்டுகொள்ளவில்லை. கேட்வேயில் நேர மண்டலத்தை மாற்றிச் சமாளிக்காதீர்கள், பில்லிங் டீகோடரைத் திருத்தச் சொல்லுங்கள்.

*சர்வர் மென்பொருள் சிடிஆரை வாங்கியவுடன் கேட்வேக்கு 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்பிவிடுகிறது. டிஸ்கில் எழுதுவது அப்புறம்தான். இப்படிச் செய்தால் வேகம் நன்றாக இருக்கிறது. யுபிஎஸ் இருப்பதால் ஆபத்து இல்லை என்கிறார் எங்கள் மேலாளர். சரிதானே?* (கொடைக்கானல்)

சரியே இல்லை. இது எனக்கு வெகுநாள் எரிச்சல், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏற்றுக்கொண்டேன் என்ற பதில் வந்த நொடியில் கேட்வே தன்னிடம் இருக்கும் பிரதியை அழித்துவிடும். அதற்குப் பிறகு உலகத்தில் அந்த சிடிஆர் இருக்கும் ஒரே இடம் உங்கள் சர்வர். அங்கே அது ரேமில் இருக்கிறதா, டிஸ்கில் இருக்கிறதா என்பது கேட்வேக்குத் தெரியாது. பச்சைத் தேயிலையைத் தராசில் ஏற்றாமலே சீட்டு எழுதிக் கொடுக்கும் ஃபேக்டரியை எந்தச் சிறு விவசாயியாவது நம்புவாரா? உங்கள் சர்வர் செய்வது அதுதான்.

ஃபைலில் எழுதிவிட்டேன் என்று நிரல் சொல்வதும் போதாது. லினக்ஸில் எழுதச் சொன்னால் அது முதலில் போய் உட்காருவது ரேமில் இருக்கும் பேஜ் கேஷில்தான். வழக்கமான அமைப்பில் அழுக்குப் பக்கங்கள் (இன்னும் டிஸ்கில் ஏறாதவை) 30 விநாடி பழசான பிறகுதான் கட்டாயமாக டிஸ்குக்குத் தள்ளப்படும். விநாடிக்கு ஆயிரம் சிடிஆர் வரும் இடத்தில் மின்சாரம் போனால் 30,000 சிடிஆர் காலி. கேட்வேயிலும் கிடையாது, சர்வரிலும் கிடையாது. எந்த லாகிலும் ஒரு எச்சரிக்கை வராது. மாதக் கடைசியில் வருமானத்தில் ஒரு பள்ளம் தெரியும், அதற்கு நெட்வொர்க் குழுவைத் திட்டுவார்கள்.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தையல்ல. வந்த பேக்கெட்டுகளைச் சில மில்லிவிநாடி சேர்த்து, ஒரே மூச்சில் எழுதி, டிஸ்கில் ஏற்றிவிட்டுத் திரும்பச் சொல்லும் எஃப்சிங்க் கூப்பிட்டு, அது திரும்பி வந்த பிறகு அத்தனைக்கும் சேர்த்துப் பதில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சிடிஆருக்கும் எஃப்சிங்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதனால் வேகம் போச்சு என்று அதை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். தொகுத்துச் செய்தால் வேகம் போகாது. எழுதும் இடம் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக இன்னொரு சர்வரின் டிஸ்க்) என்றால் அந்த சர்வர் பக்கம் அசிங்க் என்று ஏற்றுமதி செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியிருந்தால் உங்கள் எஃப்சிங்க்கும் பொய்தான், ஏனென்றால் அந்தப் பக்கம் டிஸ்கைத் தொடாமலே சரி என்று சொல்லிவிடும். ரெய்டு கார்டின் கேஷை நம்புகிறீர்கள் என்றால் அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

யுபிஎஸ் பற்றி. அது மின்வாரியம் கைவிடும்போது காப்பாற்றும். கெர்னல் விழுந்தால், பவர் சப்ளை புகைந்தால், யாரோ தவறான ஒயரைப் பிடுங்கினால் காப்பாற்றாது. மேலாளரிடம் விவாதம் வேண்டாம், சோதனை செய்து காட்டுங்கள். கேட்வேயில் லோக்கல் சீக்வென்ஸ் எண்ணை இயக்குங்கள், ஒரு கேட்வே உருவாக்கும் சிடிஆர்களுக்கெல்லாம் அது வரிசையாக எண் போடும். சோதனைச் சுமையை ஓட விட்டு, சர்வரின் பவர் ஒயரைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் கட்டளை கொடுத்தால் அது சோதனையல்ல, கட்டளை கொடுத்தால் எல்லாமே ஒழுங்காக எழுதிவிட்டுத்தான் படுக்கும். திரும்ப ஏற்றி, எண்களில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மென்பொருளை உற்பத்தியில் வைக்கக் கூடாது. விற்றவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

*முதல் சர்வர் விழுந்து இரண்டாவதுக்கு மாறிய அன்று சிலருக்கு இரட்டைக் கட்டணம் வந்துவிட்டது. ஏன்?* (ஊட்டி)

முதல் சர்வர் சிடிஆரை வாங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் விழுந்திருக்கும். கேட்வேக்கு அது தெரியாது. ஆகவே பதில் வராத பேக்கெட்டுகளை இரண்டாவது சர்வருக்கு 'இரட்டையாக இருக்கலாம்' என்ற குறியோடு அனுப்பும். இரண்டாவது சர்வர் அவற்றைப் பில்லிங்குக்குத் தள்ளாமல் தனியே நிறுத்தி வைக்க வேண்டும். முதல் சர்வர் எழுந்ததும் கேட்வே அதே சீக்வென்ஸ் எண்ணில் ஒரு வெற்றுப் பேக்கெட்டை அனுப்பி விசாரிக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்றால் இரண்டாவதிடம் அழிக்கச் சொல்லும், இல்லையென்றால் விடுவிக்கச் சொல்லும். உங்கள் இரண்டாவது சர்வர் அந்தக் குறியைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சாதாரண சிடிஆராகத் தள்ளியிருக்கிறது. கேப்சரில் டேட்டா ரெக்கார்ட் டிரான்ஸ்ஃபரில் கட்டளை 2 போகிறதா என்று பாருங்கள்.

முதல் சர்வரையே கழற்றி எறிந்துவிட்டால் நிறுத்தி வைத்தவை அப்படியே கிடக்கும். அப்போது கையால்தான் தீர்க்க வேண்டும். கையால் பொருத்தும்போது பேக்கெட்டின் சீக்வென்ஸ் எண்ணை நம்பாதீர்கள். அது 16 பிட், 65,536க்குப் பிறகு சுற்றி வந்துவிடும். கேட்வே முகவரி, சார்ஜிங் ஐடி (செஷனுக்கு கேட்வே தரும் எண்), பகுதிகளுக்கான ரெக்கார்ட் சீக்வென்ஸ் எண் மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

*சர்வருக்குப் போகும் இணைப்பு ஒரு ராத்திரி முழுக்க அறுந்தால் கேட்வே தாங்குமா?* (குன்னூர்)

பெருக்கிப் பாருங்கள். சிடிஆர் ஏறக்குறைய 1 கேபி, விநாடிக்கு ஆயிரம் என்றால் மணிக்கு மூன்றரை ஜிபி, 12 மணி நேரத்துக்கு 40 ஜிபிக்கு மேல். ரேமில் தாங்காது. சர்வர்கள் எல்லாம் எட்டாவிட்டால் கேட்வேயின் உள் டிஸ்கில் எழுதும்படி அமைத்து வையுங்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்து ஃபைபர் போனால் உங்களால் லாகின்கூடச் செய்ய முடியாது, அது தானாகவே மாற வேண்டும்.

*சர்வர் டிஸ்க் நிரம்பிவிட்டது. எத்தனை நாள் சிடிஆரை வைத்திருக்க வேண்டும்?* (பழனி மலையடிவாரம்)

2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிமத்தைத் திருத்தி ஓராண்டை இரண்டாண்டாக ஆக்கியது. அதற்காக இரண்டாண்டையும் வாங்கும் சர்வரிலேயே வைக்கச் சொல்லவில்லை. சில நாளுக்கானதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு மற்றதைக் காப்பகத்துக்கு நகர்த்துங்கள். டிஸ்க் 80 சதவீதம் தொட்டதுமே, பஃபர் நிரம்புகிறது என்ற காரணத்தோடு, வேறு சர்வருக்கு அனுப்பச் சொல்லி சர்வர் ரீடைரக்‌ஷன் அனுப்ப வேண்டும். முழுக்க நிரம்பிய பிறகு முழிக்கக் கூடாது.

*5ஜி வந்துவிட்டதே, இனி ஜிடிபி பிரைம் படிக்க வேண்டுமா?* (கொடைக்கானல் மாணவி)

வேண்டும். 5ஜியில் செஷனைக் கவனிக்கும் எஸ்எம்எஃப், கட்டணத்தைக் கவனிக்கும் சிஎச்எஃப்புடன் எச்டிடிபி/2 மேல் ஜேசனில் பேசுகிறது. ஆனால் சிஎச்எஃப் உருவாக்கும் சிடிஆர் கிடங்குக்குப் போகும் இடத்தில் பழைய ஜிடிபி பிரைம் இன்னும் இருக்கிறது. ஜிடிபி பிரைமை விவரிக்கும் 3ஜிபிபி தர ஆவணம் 32.295 சின்னதுதான், ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். சிடிஆர் ஃபீல்டுகளை விவரிக்கும் 32.298ஐ அப்படிப் படிக்க முடியாது, தேவைப்படும்போது புரட்டுங்கள்.

*சர்வரிலிருந்து பில்லிங்குக்கு எஃப்டிபியில் அனுப்பும் ஃபைல்கள் சில பாதியில் டீகோட் ஆகாமல் நிற்கின்றன. சர்வரிலேயே திறந்தால் சரியாக இருக்கிறது.* (கோத்தகிரி)

ஆஸ்கி மோடில் அனுப்புகிறீர்கள். சிடிஆர் பிஇஆர் குறியாக்கத்தில் (ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னால் அதன் நீளம் வரும்) இருக்கும் பைனரி. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது ஆஸ்கி மோடு அதை உரை என்று நினைத்து, 10 என்ற மதிப்புள்ள பைட்டைக் காணும் இடத்திலெல்லாம் முன்னால் 13 ஒன்றைச் செருகிவிடும். அந்த இடத்திலிருந்து நீளக் கணக்கு எல்லாம் தவறும். 10 வராத ஃபைல்கள் தப்பித்துவிடும், அதனால்தான் 'சில'. பைனரிக்கு மாற்றுங்கள், முடிந்தால் எஸ்எஃப்டிபிக்கே போய்விடுங்கள். ஃபைலைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் பில்லிங் பாதி ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். கெட்டுப்போன ஃபைல்களை அழிக்க வேண்டாம், சர்வரில் இருக்கும் மூலத்திலிருந்து திரும்ப அனுப்பினால் போதும். இதற்குமுன் அந்த ஸ்கிரிப்டுக்கு ஒரு பிரதி எடுத்தீர்களா?