கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த கோபைலட்டைக் கிளப்புவது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறேன், வயது 58. புது லேப்டாப் வாங்கியதிலிருந்து வேர்டில் கிரயப் பத்திரம் அடிக்க உட்கார்ந்தாலே ஓரத்தில் கோபைலட் என்ற மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளர் எட்டிப் பார்க்கிறது. வலது பக்க கன்ட்ரோல் பட்டனைத் தட்டினால் வேறு ஏதோ ஜன்னல் திறக்கிறது. மொத்தமாக நிறுத்த முடியுமா?

பதில்: நிறுத்தலாம் சார், ஆனால் வீட்டு மெயின் ஸ்விட்ச் மாதிரி ஒரே தட்டில் அணையாது. விண்டோஸில் ஒரு கோபைலட், வேர்டில் ஒன்று, எக்செலில் ஒன்று, எட்ஜ் பிரவுசரில் ஒன்று, பாவம் அந்த நோட்பேடில்கூட ஒன்று. ஒன்றை நீக்கினால் மற்றது போகாது. "எடுத்துவிட்டேனே, இன்னும் வருதே" என்று பலர் புலம்புவது இதனால்தான்.

உங்களுக்கு முதல் தலைவலி வேர்ட். ஃபைல், ஆப்ஷன்ஸ் போனால் இடது பக்கப் பட்டியலில் கோபைலட் என்று இருக்கும், அதில் 'எனேபிள் கோபைலட்' டிக்கை எடுத்து ஓகே கொடுத்து வேர்டை மூடித் திறங்கள். எக்செலுக்கும் இதையே தனியாகச் செய்ய வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் ஆபீஸ் பழைய பதிப்பாக இருக்கலாம், ஃபைல், அக்கவுன்ட்டில் போய் அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள். சந்தா கட்டும் மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல், ஃபேமிலி திட்டங்களில் 2025 ஜனவரியில் இதைச் சேர்த்தார்கள், அதனால்தான் நீங்கள் கேட்காமலே வந்து நிற்கிறது.

அப்புறம் அந்தப் பட்டன். அது கன்ட்ரோல் இல்லை சார், கோபைலட் கீ. 2024-லிருந்து வரும் பல லேப்டாப்களில் வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில் இதை வைத்துவிட்டார்கள், முப்பது வருடம் பழகிய விரல் அங்கேதானே போகும்? நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை என்று நம் வேலூருக்கு ஒரு பட்டியல் உண்டே, பயனில்லா பட்டனையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டெக்ஸ்ட் இன்புட் போய் 'கஸ்டமைஸ் கோபைலட் கீ' என்பதில் 'சர்ச்' என்று மாற்றினால் கோபைலட் வராது, ஆனால் தேடல் பெட்டி திறக்கும். பழையபடி கன்ட்ரோலாகவே வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற சாஃப்ட்வேரை நிறுவி அதிலுள்ள கீபோர்டு மேனேஜரில் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கீ உள்ளுக்குள் அனுப்புவது விண்டோஸ், ஷிஃப்ட், எஃப்23 மூன்றும் சேர்ந்த கட்டளை. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இருந்தால் இது போதும், பிடித்துக்கொள்ளும்.

விண்டோஸில் இருப்பதை எடுப்பது சுலபம். ஸ்டார்ட் மெனுவில் கோபைலட் மேல் ரைட் கிளிக், அன்இன்ஸ்டால், அவ்வளவுதான். யூடியூபில் குரூப் பாலிசியை மாற்று, ரெஜிஸ்ட்ரியைத் திருத்து என்று விண்டோஸின் உள் அமைப்புகளில் கைவைக்கச் சொல்வார்கள். அது பெரும்பாலும் 2023-ல் வந்த பழைய பக்கவாட்டுக் கோபைலட்டுக்கானது, விண்டோஸின் ஹோம் எடிஷனில் குரூப் பாலிசி எடிட்டரே கிடையாது. 'எல்லா ஏஐயையும் ஒரே கிளிக்கில் நீக்கும்' என்று வரும் ஊர்பேர் தெரியாத சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போகாதீர்கள், கட்சிக்காரர்களின் ஆதாரும் பட்டாவும் இருக்கும் மெஷின் அது. பெரிய அப்டேட் வந்த பிறகு திரும்ப முளைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். 2025 மார்ச்சில் வேடிக்கையாக நேர்மாறாக நடந்தது: ஒரு விண்டோஸ் அப்டேட் சில மெஷின்களில் கோபைலட்டைத் தானாகவே நீக்கிவிட, அதைப் பிழை என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது.

எட்ஜில் வில்லங்கச் சான்று பார்க்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால் அதன் செட்டிங்ஸில் கோபைலட் பட்டனை அணைத்தால் போதும். நோட்பேடிலும் பல்சக்கரத்தைத் தட்டினால் அணைக்கும் வசதி உண்டு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தொழிலுக்கு நான் முக்கியமாக நினைப்பது ரீகால். திரையை அவ்வப்போது படம் பிடித்து வைத்து, பிறகு தேடித் தரும் வசதி இது. 'கோபைலட் பிளஸ் பிசி' என்று விற்கும் லேப்டாப்களில் மட்டும்தான் உண்டு, நாமாக ஒப்புக்கொண்டால்தான் ஓடும். ஆனால் முதல் நாள் கடைக்காரப் பையன் எதற்கெல்லாம் 'எஸ்' தட்டினான் என்று யாருக்குத் தெரியும்? செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் 'ரீகால் அண்ட் ஸ்னாப்ஷாட்ஸ்' இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கவலை இல்லை. இருந்து, ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு, அங்கேயே இதுவரை எடுத்த படங்களையும் அழித்துவிடுங்கள்.